சூடு எங்கே தேங்குகிறது? லெபு பாசார் தையற்கடை லேப்டாப்பின் நிகழ்வு ஆய்வு

பினாங்கு லெபு பாசாரில் சேலைக் கடைக்கும் பாத்திரக் கடைக்கும் நடுவே ஒரு குறுகிய மரப்படி மேலே ஏறும். அந்த மாடியில் ரவிக்கை தைக்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். தீபாவளிக்கு ஆறு வாரம் இருந்தபோது தம் லேப்டாப்பைத் துணிப்பையில் சுற்றிக் கொண்டுவந்து, லேப்டாப் பழுதுபார்க்கும் என் மேசைமேல் வைத்தார்.

“தம்பி, இதத் தொட்டுப் பாருங்க, தோசக்கல்லு மாதிரி கொதிக்குது. வேல செஞ்சுக்கிட்டே இருக்கப்ப பொட்டுன்னு அணஞ்சுபோவுது. ஆர்டர் எல்லாம் இதுலதான் இருக்கு.”

ஏற்கெனவே இரண்டு இடங்களில் காட்டிவிட்டார். முதல் கடையில் தெர்மல் பேஸ்ட் (சிப்புக்கும் அதன்மேல் உட்காரும் செப்புத் தகட்டுக்கும் நடுவே தடவும் பசை) மாற்றி 80 வெள்ளி (ரிங்கிட்) வாங்கியிருக்கிறார்கள். ஒரு மாற்றமும் இல்லை. இரண்டாவது கடையில் திறந்தே பார்க்காமல், போர்டு போய்விட்டது, புதிது வாங்குங்கள் என்று சொல்லிவிட்டார்கள். நடுவில் காத்தாடி வைத்த கூலிங் பேட் ஒன்றும் வாங்கியாயிற்று. பக்கத்துக் கடைக்காரர் பேச்சைக் கேட்டு, ஃபிரிஜ்ஜில் உறைய வைத்த ஐஸ் பொட்டலத்தைத் துண்டில் சுற்றி அடியில் வைத்தும் பார்த்திருக்கிறார்.

ஐஸ் விஷயத்தைக் கேட்டதும் எனக்குப் பகீரென்றது. பினாங்கில் பகல் வெப்பம் 31 டிகிரியும் காற்றில் ஈரம் 75 விழுக்காடும் இருந்தால், ஏறக்குறைய 26 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் கோத்துவிடும். ஐஸ் தண்ணீர் குவளையின் வெளிப்புறம் வேர்ப்பதைத் தினமும் பார்க்கிறோம். அதே வேர்வை லேப்டாப்பின் அடித்தகட்டிலும் வரும், உள்பக்கமும் வரும். பிறகு திறந்தபோது கைவைக்கும் பகுதியின் உள்ளே ஒரு நீர்க்கறை காய்ந்து வட்டமாகக் கிடந்தது. போர்டுக்கு இரண்டு விரல் தள்ளி விழுந்திருந்ததால் தப்பியது. இந்த ஒன்றை மட்டும் யாரும் செய்ய வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

பெட்டியின் விவரம்: 14 அங்குலத் திரை, 2018இல் வாங்கியது. உள்ளே இன்டெல் கோர் ஐ5-8250யூ என்ற பிராசசர் சிப். நான்கு கோர், எட்டு திரெட்; அதாவது ஒரே நேரத்தில் எட்டு வேலை இழைகளை ஓட்டும். அடிப்படை வேகம் 1.6 கிகாஹெர்ட்ஸ், சுமை வந்தால் தானாக வேகம் கூட்டும் டர்போவில் 3.4 வரை போகும். தொடர்ந்து 15 வாட் வெப்பம் தள்ளும் என்று கணக்கிட்டு வடிவமைத்த சிப். 100 டிகிரி அதற்கு எல்லைக்கோடு. அதைத் தொட்டால் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும். பகலில் அக்கா இதில் ரசீது போடுவார், வாடிக்கையாளருக்கு ரவிக்கை மாதிரிகள் காட்டுவார். இரவில், புள்ளியியல் படிக்கும் மகள் பல்கலைக்கழக வேலைகளைச் செய்வார். உண்மையான சுமை இரவில்தான்.

நான் சொந்தமாக மேசை போடுவதற்கு முன் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் பதினோரு வருஷம் சோதனைப் பிரிவில் இருந்தவன். 1972இல் இன்டெல் தன் முதல் வெளிநாட்டுத் தொழிற்சாலையை அங்கே திறந்த காலத்திலிருந்து, ஃபேக்டரி பஸ்ஸுக்கு விடியற்காலையில் காத்திருந்த ஒருவராவது இல்லாத தமிழ்க் குடும்பம் இந்தத் தீவில் குறைவு. அங்கே கற்றது ஒன்றை இன்றும் விடவில்லை: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மாற்றுவதற்கு முன்னும் பின்னும் அள, அளந்ததை எழுது. இந்த ஆய்வு அந்த நோட்டுப் புத்தகத்திலிருந்து எடுத்து எழுதியது.

ஒரு வாட்டுக்கு எத்தனை டிகிரி

சூடாகிறது என்று கொண்டுவரும் எல்லோரும் டிகிரியை மட்டும் பார்க்கிறார்கள். அது போதாது. சமையலறைத் தொட்டியில் தண்ணீர் நிரம்பி வழிகிறது என்றால் குழாயை அளவுக்கு மீறித் திறந்திருக்கலாம், அல்லது அடியில் போகும் வழி அடைத்திருக்கலாம். தண்ணீர் மட்டத்தை மட்டும் பார்த்து இது எது என்று சொல்ல முடியுமா? எவ்வளவு தண்ணீர் உள்ளே வருகிறது என்பதும் தெரிய வேண்டும்.

லேப்டாப்பில் அந்த வரத்து வாட். எச்டபிள்யூஇன்ஃபோ (HWiNFO) போன்ற இலவச மென்பொருள் சிப்பின் வெப்பநிலையையும், அந்த நொடியில் சிப் எத்தனை வாட் எடுக்கிறது என்பதையும் ஒரே திரையில் காட்டும். சிப் வெப்பநிலையிலிருந்து அறை வெப்பநிலையைக் கழித்து, வாட்டால் வகுத்தால் ஓர் எண் வரும்: ஒரு வாட்டுக்கு எத்தனை டிகிரி ஏறுகிறது. இந்த வகை மெல்லிய லேப்டாப் நல்ல நிலையில், காத்தாடி முழு வேகத்தில் ஓடும்போது, என் மேசையில் மூன்றிலிருந்து நான்குக்குள் வருவதுதான் வழக்கம். இந்த எண் பெரிதானால் வழி அடைத்திருக்கிறது. எண் சரியாக இருந்தும் சூடு அதிகமென்றால் வரத்து அதிகம்.

அக்காவின் லேப்டாப்பை மேசைமேல் இரண்டு மரக்கட்டைகள் கொடுத்துத் தூக்கி வைத்தேன். அறையில் 31 டிகிரி. ஒரு வேலையும் கொடுக்காமல் பத்து நிமிஷம் விட்டேன். காத்தாடி சீறிக்கொண்டிருக்க, சிப் 74 டிகிரி, 4.5 வாட். சும்மா இருக்கும்போதே இது. அடுத்து எட்டு திரெட்டுக்கும் முழுச் சுமை கொடுத்தேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, 100 டிகிரியைத் தொட்டு அங்கேயே நின்றது. வேகம் 1.4 கிகாஹெர்ட்ஸுக்கு விழுந்தது. அந்த நிலையில் சிப் எடுத்தது வெறும் 7.2 வாட்.

100இல் 31 போக 69. அதை 7.2ஆல் வகுத்தால் 9.6. இருக்க வேண்டியதைப் போல மூன்று பங்கு.

இன்னொரு சோதனைக்குக் கருவியே வேண்டாம். காற்று வெளியேறும் வாயருகே ஒற்றை அடுக்கு டிஷ்யூ தாளைப் பிடித்தேன். காத்தாடி முழு வேகத்தில் இரைகிறது, தாள் லேசாக நடுங்கியதோடு சரி. கை வைத்துப் பார்த்தால் வெதுவெதுப்புதான். உள்ளே 100 டிகிரி, வெளியே வெதுவெதுப்பு. சூடு வழியில் எங்கோ தேங்குகிறது.

திறக்காமலே செய்த வேலை

சும்மா இருக்கும்போது 4.5 வாட் என்பது எனக்கு உறுத்தியது. இந்தச் சிப் ஓய்வில் இரண்டு வாட் அளவில் இருக்க வேண்டும். டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் பிரவுசர் 25 விழுக்காடு என்று காட்டியது. எட்டு திரெட்டில் இரண்டை முழுசாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். ரவிக்கை மாதிரிகளை இறக்குவதற்காக பிரவுசரில் எப்போதோ சேர்த்த ஒரு நீட்சி (துணை நிரல்), பிரவுசர் சன்னலை மூடிய பிறகும் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. அதை நீக்கினேன். ஓய்வு நிலை 2 வாட்டுக்கும், வெப்பநிலை 50 டிகிரிக்கும் இறங்கியது. காத்தாடி சத்தம் அடங்கிவிட்டது.

உடன் வந்திருந்த மகள் முகம் மலர்ந்துவிட்டது. “அவ்வளவுதானாண்ணே? சரியாயிடுச்சா?” என்று கேட்டார். முழுச் சுமையை மறுபடி கொடுத்துக் காட்டினேன். அதே 100 டிகிரி, அதே 7.2 வாட். வாட்டுக்கு 9.6 அசையவே இல்லை. குழாயைக் கொஞ்சம் மூடியிருக்கிறோம், அடைப்பு அப்படியே இருக்கிறது.

அன்று திறந்து வேலை பார்க்க முடியவில்லை. தீபாவளி ஆர்டர் மூன்று நாள் குவிந்திருந்தது, லேப்டாப் கடையில் இருந்தே ஆக வேண்டும். அதனால் விண்டோஸ் பவர் அமைப்பில் பிராசசரின் உச்ச நிலையை 100இலிருந்து 99 விழுக்காடாக்கிக் கொடுத்தனுப்பினேன். ஒரு விழுக்காடு குறைத்தால் என்ன ஆகிவிடும் என்று தோன்றும். அந்த ஒன்று குறைந்தால் டர்போ அடியோடு நின்றுவிடும். வேகம் ஏற ஏறச் சிப்புக்குக் கொடுக்கும் வோல்ட்டேஜும் ஏறுகிறது. வெப்பம் அந்த வோல்ட்டேஜின் வர்க்கத்தோடு ஏறுகிறது. ஆகையால் உச்ச வேகத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் வெப்பத்தில் நிறைய மிச்சமாகும். ரசீது போடுகிறவருக்கு வித்தியாசமே தெரியாது. அவசரத்துக்கு இது நல்ல உபாயம். ஆனால் இதையே வைத்தியமாக நினைத்து விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அவர்கள் பெட்டிக்குள் அடைப்பு வளர்ந்துகொண்டே போகும்.

ஜரிகை கலந்த கம்பளம்

மூன்றாம் நாள் இரவு திறந்தேன். அடிமூடியின் திருகுகளைக் கழற்றி, முதல் வேலையாக பேட்டரி இணைப்பைப் பிடுங்கினேன். அப்போதே பேட்டரி உப்பியிருந்ததைப் பார்த்துவிட்டேன். அதைப் பற்றிப் பிறகு.

காத்தாடியை மேலிருந்து பார்த்தால் சுத்தமாகத்தான் இருந்தது. முதல் கடையில் பிரஷ் போட்டிருக்கிறார்கள், இறக்கைகளில் அதன் தடம் தெரிந்தது. அவர்கள் பார்க்காத இடம் ஒன்று உண்டு. காத்தாடி காற்றைத் தள்ளும் வாய்க்கும், செப்புக் குழாயின் முனையில் உள்ள மெல்லிய தகட்டு வரிசைக்கும் நடுவே ஒரு சந்து இருக்கும். மேலே ஒரு கறுப்பு டேப் ஒட்டியிருப்பதால் வெளியிலிருந்து தெரியாது. காத்தாடியின் திருகுகளை மட்டும் கழற்றி, ஹீட் சிங்கைத் (சிப்பின் சூட்டை வாங்கிக் கடத்தும் செப்புத் தகடும் குழாயும்) தொடாமல், காத்தாடியைத் தனியாக எடுத்தேன்.

தகடுகளின் முகத்தில் ஒரு கம்பளம் விரித்திருந்தது. வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை. இடுக்கியால் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் முழுசாக ஒரே பட்டையாகக் கழன்று வந்தது. ஆள்காட்டி விரல் நீளம், சில்லறைக் காசின் தடிமன். சாம்பல் நிறம். விளக்கில் திருப்பிப் பார்த்தால் உள்ளே சிவப்பு நூல், மயில்பச்சை நூல், இடையிடையே மின்னும் ஜரிகை. முகர்ந்தால் சாம்பிராணி வாசனை. வெள்ளிக்கிழமை தோறும் கடைக்குப் புகை போடுவார் அக்கா. தைக்கும்போது பறக்கும் நூல்துகள் தனியாக வந்தால் பாதி வெளியே பறந்துவிடும். சாம்பிராணிப் புகையின் பிசினும், கீழே சாப்பாட்டுக் கடையிலிருந்து வரும் எண்ணெய் ஆவியும் சேர்ந்து அதை ஒட்டவைத்துவிட்டன. அந்தப் பட்டையை ஒரு வெள்ளைத் தாளில் ஒட்டி வைத்திருக்கிறேன். வருகிறவர்களுக்கு இப்போதும் எடுத்துக் காட்டுவேன்.

உலோக ஜரிகை மின்சாரம் கடத்தக்கூடியது. போர்டின்மேல் விழுந்திருந்த இரண்டு மூன்று இழைகளையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். தையற்கடை, நகைப்பட்டறை, அரவை மில் இந்த இடங்களில் இருக்கும் லேப்டாப்புக்கு வீட்டு லேப்டாப்பின் கணக்கு பொருந்தாது.

இந்த அடைப்பைக் காற்று ஊதி எடுக்கலாமா என்று கேட்பார்கள். வெளியிலிருந்து ஊதினால் பட்டை காத்தாடிக்குள் திரும்பிப் போய்ச் சிக்கும். ஊதித்தான் ஆக வேண்டும் என்றால் காத்தாடி சுழலாதபடி இறக்கையைப் பல்குத்தும் குச்சியால் பிடித்துக்கொள்ள வேண்டும். பம்புக் காற்றில் அது வடிவமைத்த வேகத்தை மீறிச் சுழன்றால் பேரிங் கெடும்.

இங்கே ஓர் ஆசை வந்தது. ஹீட் சிங்கையும் கழற்றி, பேஸ்ட்டையும் மாற்றி, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடித்துவிடலாம். செய்யவில்லை. காத்தாடியைத் திரும்பப் பூட்டி, பேட்டரியை இணைக்காமல் சார்ஜரில் மட்டும் ஓட்டி அளந்தேன். டிஷ்யூ தாள் இப்போது படபடவென்று பறந்தது. முழுச் சுமையில் மறுபடியும் 100 டிகிரிதான், ஆனால் இந்த முறை 11.5 வாட், 2.1 கிகாஹெர்ட்ஸ். வாட்டுக்கு 6.0.

ஒன்பதரையிலிருந்து ஆறு. நல்ல இறக்கம், ஆனால் மூன்றரைக்கு வரவில்லை. காற்று நன்றாகப் போகிறது. ஆக மிச்சக் குறை சிப்புக்கும் தகட்டுக்கும் நடுவில். எல்லாவற்றையும் சேர்த்துச் செய்திருந்தால் அடுத்து வரப்போகும் தவறு என் கண்ணில் பட்டிருக்காது.

நான்காவது திருகு

ஹீட் சிங்கில் நான்கு திருகுகள், பக்கத்தில் 1, 2, 3, 4 என்று பொறித்திருக்கும். பூட்டும்போது அந்த வரிசையில், கொஞ்சம் கொஞ்சமாக, மூலைக்கு மூலை மாற்றி முடுக்க வேண்டும். லேப்டாப் சிப்புக்கு மேசைக் கணினியில் இருப்பதுபோல் உலோக மூடி கிடையாது. சிலிக்கன் அப்படியே திறந்து கிடக்கும், ஓரம் சில்லுசில்லாக உடையக்கூடியது. ஒரு மூலையை முதலிலேயே இறுக்கிவிட்டால் செப்புத் தகடு சாய்ந்து உட்காரும்.

கழற்றும்போது மூன்று திருகுகள் முறையாகச் சுற்றி வந்தன. நான்காவது சுற்றவே இல்லை, விரலால் தூக்கினாலே வந்துவிட்டது. மரை தேய்ந்திருந்தது. முன்பு கோணலாக ஏற்றி முடுக்கியிருக்கிறார்கள். தகட்டைத் திருப்பிப் பார்த்ததும் கதை முழுசாகத் தெரிந்தது. முதல் திருகின் பக்கம் பேஸ்ட் கண்ணாடிபோல் மெல்லிசாக நசுங்கியிருந்தது. நான்காவதன் பக்கம் நெய்க்கட்டிபோல் தடித்துக் கிடந்தது. தோசைக்கு மாவு ஊற்றுவதுபோல் தாராளமாகவும் ஊற்றியிருந்தார்கள்.

பேஸ்ட் குளிர்விக்கும் பொருள் என்று பலர் நினைக்கிறார்கள். செம்பு வெப்பத்தைக் கடத்தும் திறன் ஏறக்குறைய 400 (ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு எத்தனை வாட் என்ற கணக்கில்). நல்ல பேஸ்ட்டுக்கு அதே அலகில் ஒற்றை இலக்கம், மிஞ்சினால் கொஞ்சம் மேலே. காற்றுக்கு 0.026. சிப்பும் செம்பும் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும் இடையில் நுண்ணிய பள்ளங்கள் இருக்கும், அவற்றில் காற்று நிற்கும். அந்தக் காற்றை வெளியேற்றத்தான் பேஸ்ட். காற்றோடு பார்த்தால் அது ராஜா, செம்போடு பார்த்தால் பிச்சைக்காரன். அதனால் எவ்வளவு மெல்லிசாக நசுங்குகிறதோ அவ்வளவு நல்லது. அதை நசுக்குவது திருகுகளின் அழுத்தம். 25 வெள்ளி பேஸ்ட்டா 60 வெள்ளி பேஸ்ட்டா என்று மணிக்கணக்கில் வாதம் செய்கிறவர்கள் திருகைப் பார்க்க மறந்துவிடுகிறார்கள்.

99 விழுக்காட்டு ஐசோபிரைல் ஆல்கஹாலில் பழையதை முழுசாகத் துடைத்தேன். நான்காவது திருகுக்கு அதே குறுக்களவில் கொஞ்சம் நீளம் கூடியதைத் தேடி எடுத்தேன்; கீழே தேயாத இரண்டு மரை மிச்சமிருந்ததால் பிடித்துக்கொண்டது. சிப்பின் நடுவில் ஓர் அரிசி அளவு பேஸ்ட் வைத்து, தகட்டை நேராக இறக்கி, வரிசைப்படி முடுக்கினேன்.

இதைச் செய்யும்போது செப்புக் குழாயைப் பிடித்துத் தூக்கக் கூடாது. அது வெறும் செம்புக் கம்பி அல்ல. காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு உள்ளே துளித் தண்ணீரை வைத்து மூடியிருப்பார்கள். அழுத்தம் இல்லாததால் 100 டிகிரிக்கு வெகு கீழேயே தண்ணீர் ஆவியாகித் தகட்டுப் பக்கம் ஓடும். அங்கே குளிர்ந்து நீராகி, உட்சுவரின் நுண்துளைகள் வழியே, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல், சிப்புக்குத் திரும்பும். வளைந்து நசுங்கினால் இந்த ஓட்டம் நின்றுவிடும்.

மறுபடி அளவு. முழுச் சுமையில் 15 வாட் எடுத்து, 83 டிகிரியில் நின்றது. 2.6 கிகாஹெர்ட்ஸ், அரைமணி நேரமும் இறங்கவில்லை. வாட்டுக்கு 3.5.

ஆனால் அது ஏன் அணைந்தது?

இங்கேயே முடித்து, பணம் வாங்கிக்கொண்டு அனுப்பியிருக்கலாம். ஒன்று மட்டும் நெருடியது. என் மேசையில் அந்த லேப்டாப் 100 டிகிரியில் மணிக்கணக்காகத் தவித்திருக்கிறது, தவழ்ந்திருக்கிறது. ஒரு தடவைகூட அணையவில்லை. சிப் வேகத்தைக் குறைத்துத் தன்னைக் காப்பாற்றிக்கொண்டுதான் இருந்தது. அப்படியானால் கடையில் பொட்டென்று அணைந்தது எதனால்?

விண்டோஸின் ஈவன்ட் வியூவரைத் திறந்தேன். முறையாக மூடாமல் பெட்டி அணைந்துபோனால், அடுத்த முறை திறக்கும்போது கெர்னல்-பவர் 41 என்று ஒரு பதிவு விழும். காரணத்தை அது சொல்லாது, நாளும் நேரமும் தெரியும். இரண்டு மாதத்தில் 17 பதிவுகள். அவற்றில் 14, மாலை நான்கு மணிக்கும் ஏழு மணிக்கும் இடையில். மகள் பெருஞ்சுமை கொடுக்கும் இரவு நேரத்தில் ஒன்றே ஒன்று. சூட்டினால் அணைகிறது என்றால் இரவில்தானே அதிகம் அணைய வேண்டும்?

மறுநாள் மாலை ஐந்து மணிக்கு மாடிப்படி ஏறினேன். மூன்று தையல் மெஷின் ஓடுகிறது. வெட்டும் மேசையின் ஒரு முனையில் லேப்டாப் வைக்கும் இடம், மறுமுனையில் இஸ்திரி. தைத்து முடித்த ரவிக்கைகளை வாடிக்கையாளர் வருவதற்குள் தேய்த்து மடித்து வைக்க வேண்டும் என்பதால் மாலை முழுக்க இஸ்திரி வேலைதான். லேப்டாப்பின் சார்ஜரும் இஸ்திரிப் பெட்டியும் மேசைக்கடியில் ஒரே எக்ஸ்டென்ஷன் ஒயரில்.

பேட்டரியைப் பழையபடி இணைத்துக் கொண்டுவந்திருந்தேன். அக்காவிடம், வழக்கம்போல் வேலை செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு மகளை ஒரு கணக்கை ஓட்டச் சொன்னேன். இஸ்திரிப் பெட்டி ஆறி, அதன் சூட்டுக் கட்டுப்பாடு ‘டிக்’ என்று மறுபடி போட்டது. எக்ஸ்டென்ஷனிலிருந்து சன்னமாக ஒரு ‘சிர்ர்’. லேப்டாப் அணைந்தது.

சுவிட்சை அணைத்து எக்ஸ்டென்ஷனை வெளியே இழுத்துப் பார்த்தோம். இஸ்திரி சொருகும் துளையைச் சுற்றி வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பேறி, ஓரம் உருகி வளைந்திருந்தது. 2,200 வாட் இஸ்திரி, 230 வோல்ட்டில் ஒன்பதரை ஆம்பியருக்கு மேல் இழுக்கும். உள்ளே செப்புப் பிடி சூட்டில் தளர்ந்துபோயிருக்கிறது. இஸ்திரி போடும் ஒவ்வொரு தடவையும் பொறி தட்டி, சார்ஜருக்குக் கண்ணிமைக்கும் நேரம் மின்சாரம் விட்டுப்போகிறது. நல்ல பேட்டரி இருந்தால் அந்த இடைவெளியை யாருக்கும் தெரியாமல் தாங்கிக்கொள்ளும். இந்த பேட்டரியால் முடியவில்லை.

அக்கா அந்தத் துளையை விரலால் தடவிப் பார்த்துவிட்டு வெகுநேரம் பேசவில்லை. சுற்றிலும் பட்டும் ஜார்ஜெட்டும் அடுக்கியிருக்கிறது. கடைசியில், “லேப்டாப்ப நெனச்சிக்கிட்டு இருந்தேன் தம்பி, கடைய நெனக்கல” என்றார். அந்த ஒயரை அன்றே வெட்டி எறிந்தோம். இஸ்திரிக்குச் சுவரில் தனிப் பிளக். எலக்ட்ரீஷியனை வரவழைத்து மற்ற துளைகளையும் பார்க்கச் சொன்னேன்.

உப்பிய பேட்டரி

அக்கா முதல் நாளே ஒன்று சொன்னார், நான் காதில் சரியாக வாங்கவில்லை. “மவுஸ் தட்டு அழுத்துனா இறங்க மாட்டேங்குது” என்று சொல்லியிருந்தார். டச்பேட் இறங்காமல் முரண்டு பிடித்தால் அதன் கீழே பேட்டரி உப்பி முட்டுகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அன்றே கேட்டிருந்தால் உப்பிய பேட்டரியோடு அந்த லேப்டாப் மூன்று நாள் கடையில் ஓடியிருக்காது.

விண்டோஸ் தரும் பேட்டரி அறிக்கையில், வடிவமைப்புக் கொள்ளளவு 48 வாட்-மணி, இப்போது நிரம்புவது 26. அக்கா சார்ஜரைப் பிடுங்கியதே இல்லை. ஆண்டுக்கணக்கில் எந்நேரமும் 100 விழுக்காடு, அதோடு பக்கத்திலேயே 74 டிகிரிச் சிப். லித்தியம் அயனி பேட்டரிக்கு இந்த இரண்டும் சேர்ந்தால் ஆகாது. முழுச் சார்ஜில் செல்லின் வோல்ட்டேஜ் உச்சத்தில் நிற்கும். அந்த நிலையில் சூடும் கூடினால் உள்ளே இருக்கும் திரவம் மெல்லச் சிதைந்து வாயு உண்டாகும். பையில் அடைத்த செல் என்பதால் அது உப்பும். உள்தடையும் ஏறிவிடும், திடீரென்று மின்சாரம் கேட்டால் வோல்ட்டேஜ் சரிந்துவிடும். சுமை ஓடும்போது என் மேசையில் சார்ஜரைப் பிடுங்கிப் பார்த்தேன். அதே கணம் அணைந்தது. சுமை இல்லாமல் பிடுங்கினால் கொஞ்ச நேரம் ஓடியது.

ஆகவே, சூட்டினால் அணைகிறது என்று எல்லோரும் சொன்னது ஒரு சுற்றுவழியில் உண்மைதான். சூடு பேட்டரியைக் கெடுத்தது, கெட்ட பேட்டரி ஒயரின் குறையை மறைக்க முடியாமல் விட்டுவிட்டது. பேஸ்ட்டை நூறு தடவை மாற்றியிருந்தாலும் அணைவது நின்றிருக்காது.

உப்பிய பேட்டரியைக் குத்தவோ, அமுக்கி மூடியைப் பூட்டவோ கூடாது. வீட்டுக் குப்பையிலும் போடக் கூடாது. நம் நாட்டில் 2005ஆம் ஆண்டு விதிகளின்படி லித்தியம் பேட்டரிக் கழிவு எஸ்டபிள்யூ 103 என்ற வகையில் சிறப்பாகக் கையாள வேண்டிய கழிவு. மணல் நிரப்பிய பிஸ்கட் டின்னில் வைத்து மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்தேன். புதிய பேட்டரி 160 வெள்ளி. 80 விழுக்காட்டில் சார்ஜை நிறுத்தும் வசதி அந்த லேப்டாப்பின் அமைப்பிலேயே இருந்தது, யாரும் போட்டிருக்கவில்லை. போட்டுவிட்டேன். சுமையோடு பிடுங்கினால் இப்போது அசையாமல் ஓடுகிறது.

மேசைமேல் விரித்த கம்பளி

கடையில் வைத்து அளந்தபோது இன்னொன்று தெரிந்தது. என் மேசையில் 83 டிகிரி காட்டியது, அங்கே 94 காட்டியது. அதே 15 வாட், அதே 31 டிகிரி அறை. வெட்டும் மேசை முழுக்க இஸ்திரிக்காகக் கம்பளி விரித்திருந்தார்கள். லேப்டாப்பின் பின்பக்கத்து ரப்பர் கால் இரண்டும் எப்போதோ பசை இளகி விழுந்துவிட்டன. பெட்டி கம்பளியில் அமுங்கி, அடியில் காற்று இழுக்கும் துளைகள் மூடிக்கொண்டன. இரண்டு ரப்பர் கால், ஒரு குழாய் பசை, பத்து வெள்ளி ஆகவில்லை. அதோடு சேலைச் சுருளுக்கு நடுவில் வரும் பலகை இரண்டை அக்காவே அறுத்து ஒரு தாங்கி செய்துகொண்டார். 84 டிகிரிக்கு வந்தது. வாங்கிய கூலிங் பேட் மூலையில் கிடக்கிறது. அடைப்பு உள்ளே இருக்கும்போது வெளியிலிருந்து காற்றைத் தள்ளி என்ன பயன்? அதன் காத்தாடிகளும் கம்பளித் தூசியைத்தான் மேலே ஏற்றிக்கொண்டிருந்தன.

ஐந்து மாதம் கழித்து மறுபடி அளந்தேன். வாட்டுக்கு 3.9. தகட்டு வரிசையின் முகத்தில் மெல்லிய நூல்பூச்சு உட்கார ஆரம்பித்திருந்தது. காத்தாடியைக் கழற்றித் துடைத்ததும் 3.5க்குத் திரும்பியது. இந்தக் கடைக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்று நோட்டில் குறித்துக்கொண்டேன். கெர்னல்-பவர் 41 ஒன்றுகூடப் புதிதாக விழவில்லை.

என் டிஷ்யூ தாள் சோதனை அக்காவுக்கு மனதில் பதிந்துவிட்டது. ஒரு விரல் நீளத்துக்கு ஒற்றை இழைச் சிவப்பு நூலை வெட்டி, காற்று வெளியேறும் வாயின் மேல்விளிம்பில் டேப் போட்டு ஒட்டியிருக்கிறார். மகள் கணக்கு ஓட்டும்போது நூல் நேராக நீட்டிக்கொண்டு பறக்கும். போன வாரம் கைத்தொலைபேசியில் ஒரு படம் அனுப்பியிருந்தார். நூல் பாதி மடங்கித் தொங்கியது. கீழே, “சனிக்கிழமை வர்றீங்களா தம்பி” என்று எழுதியிருந்தார். பிரஷ்ஷை எடுத்துப் பையில் வைத்திருக்கிறேன்.